இருபத்து மூன்று, உள்ளேன்

சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அம்மா அவளைக் காரில் ஏற்றினாள். கார் நின்ற இடத்தில் சித்தி இல்லை. சிரிக்கும் பிள்ளைகளின் படம் போட்ட பலகை ஒன்று இருந்தது. அடங்காத பிள்ளைகளைத் திருத்தித் தரும் விடுதிப் பள்ளி என்றது. படத்தில் இருந்த எவரும் உள்ளே இல்லை. உள்ளே இருந்த எவரும் சிரிக்கவும் இல்லை.

அவள் செய்த குற்றங்கள் மூன்று: இரண்டு பாடத்தில் தோல்வி, ஒட்ட வெட்டிய முடி, ஆத்திரத்தில் அம்மாவைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தது.

பெயரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருந்தியதும் திருப்பித் தருவார்களாம். அதுவரை அவள் இருபத்து நாலு.

காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தலை எண்ணுவார்கள். நீண்ட தாழ்வாரத்தில் முப்பது பெண்களும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வார்டன் பதிவேட்டை விட்டுத் தலை நிமிர மாட்டாள். குரல் வந்தால் ஒரு டிக். முப்பது டிக் விழுந்தால் எல்லாம் நலம்.

முதல் நாள், பக்கத்து வரிசை எண்காரி இருபத்து இரண்டு தன் எண்ணைச் சொல்லி முடித்தாள். அவளுக்கும் இவளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. ஆள் இல்லை.

“இருபத்து மூணு, உள்ளேன்.”

இடது காதருகே. ஈரச் சுண்ணாம்பு வாடையோடு.

வார்டன் டிக் போட்டாள்.

பாத்திரம் தேய்க்கும்போது இருபத்து இரண்டிடம் கேட்டாள். மாடிப்படிக்குக் கீழே நாலடிக்கு நாலடியில் ஒரு பொந்து. அதற்குச் சிந்தனை அறை என்று பெயர். போன வருடம் ஒருத்தியைச் சிந்திக்க உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, வார்டன் குழந்தை நலக் கருத்தரங்குக்குப் போனாளாம். சாவியும் கூடவே போனது. கருத்தரங்கு நாலு நாள்.

“பேரை அடிச்சா கேள்வி வரும்ல? அதான் அடிக்கல,” என்றாள் இருபத்து இரண்டு, சட்டியைச் சுரண்டியபடி. “செத்தாலும் இங்க டி.சி. குடுக்க மாட்டாங்கடி.”

ஞாயிறுதோறும் மாலை எண்ணிக்கை முடிந்ததும், வரிசைப்படி வீட்டுக்கு நாலு நிமிடம் போன். வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இவள் துணிந்து கெஞ்சினாள், வந்து கூட்டிப் போகும்படி. ஆனால் பெற்றோருக்கு முன்பே பாடம் எடுத்திருந்தார்கள்: பிள்ளை அழும், புளுகும், அதுதான் வைத்தியம் வேலை செய்வதற்கு அடையாளம். அம்மாவும் அழுதாள். அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

அதற்குத் தண்டனை சிந்தனை அறை, மூன்று நாள். அந்த வாரம் அறை காலியில்லை. அடுத்த திங்கட்கிழமைக்கு முன்பதிவு செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு மாலை வரிசையில் நின்றாள். விடிந்தால் திங்கள். அடுக்களைக் கதவு திறந்திருந்தது. காய்கறி வண்டி காலிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தது.

“போறியா?” இடைவெளி கிசுகிசுத்தது. “உனக்கும் சேத்து நானே சொல்லிடறேன்.”

தலையாட்டினாள்.

தொண்டைக்குள் ஏதோ சில்லென்று இறங்கி ஏறியது.

வெறுங்காலோடு பின்னால் நகர்ந்தாள். இருபத்து இரண்டு பார்த்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கூடைகளுக்குள் சுருண்டபோது தாழ்வாரத்திலிருந்து கேட்டது.

“இருபத்து மூணு, உள்ளேன்.”

அடுத்தது லேசாகக் கரகரக்கும் குரல். அவளுடைய சொந்தக் குரல்.

“இருபத்து நாலு, உள்ளேன்.”

கணக்குச் சரியாக இருந்தது. யாரும் தேடி வரவில்லை.

சந்தையில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தட்டினாள்.

“யாரு?”

அம்மா, என்றாள். உதடு அசைந்தது. வாயிலிருந்து வந்தது வெறும் காற்று. ஈரச் சுண்ணாம்பு வாடை.

இரண்டு கையாலும் அறைந்தாள்.

“யாரோ கதவை இடிக்கிறாங்க கண்ணு, கேட்டா பதிலே இல்ல,” உள்ளே அம்மாவின் குரல் நடுங்கியது. “பயமா இருக்கு. வச்சிடாத.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். அந்தக் கரகரப்பு, அவ்வளவு பணிவாக, வாசல்வரை கேட்டது.

“திறக்காதம்மா.”

“நீ பத்திரமா இருக்கியாடி?”

“இருக்கேம்மா. நீ விட்ட எடத்துலயே.”

“சமத்து,” என்றாள் அம்மா.

மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.