அகலம் போதாத படம்

கப்பின் கைப்பிடிக்குப் பக்கத்தில், பாதி திறந்த கதவின் விளிம்பைப் பிடித்தபடி நான்கு விரல்கள் இருந்தன. சசிகலா அவற்றை வரையவில்லை.

கூரியரில் வந்த மாதிரிக் கப்பை அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படம் அவளுடையதுதான். மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சிறுமி மிரண்டு போய் நம்மைப் பார்க்கிறாள்; அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு, அதன் இடுக்கில் கறுப்பு; மேலே ரத்தச் சிவப்பில் 'திரும்பாதே!' என்று கொட்டை எழுத்து. பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் மாட்டித் தொங்குமே மாத நாவல், அதன் அட்டை மாதிரி. இப்படி வரைந்து இணையத்தில் ஏற்றிவிட்டால், ஒரு கம்பெனி அதை டீசர்ட், கப், குஷன் உறை என்று கேட்பவர்களுக்கு அச்சடித்து அனுப்பிவிடும். சசிகலா ஆரணியை விட்டு நகர வேண்டியதில்லை. தூக்கத்தை மட்டும் விட்டால் போதும்.

மாடலுக்கு ஆள் வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைவாள். அதனால் அவள் படங்களில் எல்லாக் கொலைகாரனுக்கும் அவள் கணவன் இளஞ்செழியனின் மூக்கு, பிணமெல்லாம் அவளேதான். இந்த முறை எட்டு வயது மகள் சத்யப்ரியாவை உட்கார வைத்தாள்.

"நான் சொல்ற வரிக்கும் திரும்பக் கூடாது கண்ணு."

நாலு போட்டோ எடுப்பதற்குள் மஞ்சள் நீராட்டு பேனர் வரைந்து தரக் கேட்டு ஒருவர் போன் செய்ய, பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போனவள் பிள்ளையை மறந்தே போனாள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. கழுத்தைக்கூட அசைக்கவில்லை. ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். திரும்பலாம் என்று அப்போதும் அவள் சொல்லவில்லை.

அன்றைக்கே இன்னொரு தப்பும் நடந்தது. டீசர்ட்டுக்குப் படம் குறுகலாக இருந்தால் போதும். கப்பைச் சுற்றிவர அகலம் வேண்டும். ஓரம் காலியாக இருந்தால் கம்பெனி ஏற்காது. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் அந்த ஓரத்தையும் கையால் வரைந்து நீட்டுவார்கள். மூன்று பேனர் முடித்து விரல் மரத்துப் போயிருந்த சசிகலா, 'ஓரத்தை நீட்டு' என்ற பட்டனை அழுத்தினாள். எல்லாப் பொருளுக்கும் ஒரே அழுத்து. என்ன வந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் படுத்துவிட்டாள்.

இப்போது கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் ஓரத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. அச்சுக் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். புகார் எழுத உட்கார்ந்தால் அதற்கு ஒரு மணி நேரம் போகும். கப்பைப் பரணில் வைத்துவிட்டு அரிசி களைந்தாள்.

வெட்டி முறித்து வரைந்ததெல்லாம் தூங்க, இந்தப் படம் பிய்த்துக்கொண்டு விற்றது. 'கதவாண்ட நிக்கிற பொம்பள செம' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கோயம்புத்தூரில் குஷன் உறை வாங்கிய ஒருவர் போட்டோவே போட்டிருந்தார். குஷன் கப்பைவிட அகலம். கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. விரல்களுக்குப் பின்னால் கை, முழங்கை வரைக்கும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, மூன்று முடிச்சு.

சசிகலா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தேவிகாபுரம் கோயிலுக்குப் போனபோது கட்டிய கயிறு. மூன்று முடிச்சு.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ரூமில் தங்கி வேலை பார்க்கும் இளஞ்செழியனுக்குப் போன் போட்டாள்.

"தூங்காம தூங்காம கண்ணு மங்கிப் போச்சு உனுக்கு" என்றான். "பேஜார் பண்ணாத சசி. ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

அவன் குரலிலும் அசதிதான். போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சத்யப்ரியா குரல் கொடுத்தாள்.

"அம்மா, நீ ஏன் என் பின்னாலயே நின்னுகினு இருக்க?"

கரண்டி எண்ணெயில் விழுந்தது. உள்ளே ஓடினாள். பிள்ளை விளக்கின் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தது. பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. யாரும் இல்லை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது. அவளுடைய எண்ணெய்.

"நீ திரும்பிப் பாத்தியா?"

"இல்ல. நீதான திரும்பக் கூடாதுன்ன. இன்னும் சொல்லவே இல்லியே."

திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கதவிடுக்கைப் பார்த்ததும் சொல் வரவில்லை. மேசையை இழுத்து, பிள்ளையின் முதுகுக்குச் சுவர் வருமாறு போட்டாள். படத்தை உடனே இறக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். கையிலிருக்கும் ஆர்டர்களை அனுப்பிய பிறகே நீக்க முடியும் என்று பதில் வந்தது. அவளுக்கு வர வேண்டிய கடைசி மாதிரியும் ஏற்கெனவே கிளம்பிவிட்டதாம். இரட்டைக் கட்டில் போர்வை. அந்தக் கம்பெனி விற்பதிலேயே அகலமானது அதுதான்.

காலையில் மேசை பழைய இடத்திலேயே இருந்தது.

"நீதாம்மா பழையபடி போடச் சொன்ன" என்றாள் சத்யப்ரியா, இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பனைக் கட்டத் தலையைக் கொடுத்தபடி. சசிகலாவின் கண் உள்ளறைக் கதவிலேயே இருந்ததில் ஒரு ரிப்பன் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் விழுந்தது. அவிழ்த்துக் கட்ட நேரமில்லை. பள்ளி வேன் வந்துவிட்டது. நாலு நாள் லீவு சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சேத்துப்பட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும், இன்றைக்கே, வேன் திரும்பியதும் என்று முடிவெடுத்தாள்.

மத்தியானமே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. வேன் தாமதமாக வந்தது. பஸ்ஸுக்குப் போக வழியில்லாமல் கொட்டியது. "மழ உட்டதும் கெளம்பணும், ஜல்தியா எழுதி முடி" என்றாள். அவள் துணி எடுத்து வைப்பதற்குள் பிள்ளை உள்ளறைக்குப் போய்விட்டது. அப்போதுதான் கூரியர் தமிழ்செல்வன் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"பெரிய பார்சலா கீதுக்கா. உள்ளார வச்சிரவா?"

"வேணாம். இங்கயே வை."

அவன் போனதும் கரண்டும் போனது. இருட்டில் பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. ஓட்டில் விழும் மழைச் சத்தம் மட்டும். உள்ளறையில் சார்ஜ் விளக்கின் மஞ்சள்.

கொளுத்திவிட வேண்டும். அதற்கு முன்னால், அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். வாசல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி, போர்வையை மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள்.

விளக்கு. மேசை. மிரண்டு பார்க்கும் சிறுமி.

அடுத்த மடிப்பு. கதவு. முழுக்கத் திறந்த கதவு.

அடுத்த மடிப்பில் பச்சை நைட்டி. கறுப்புக் கயிறு. கொண்டையில் செருகிய பென்சில்.

சசிகலா தன் கொண்டையைத் தொட்டாள். பென்சில் இருந்தது.

முகம் இல்லை. முகம் வர வேண்டிய இடத்தில் துணி முடிந்து தையல் ஓடியிருந்தது. அகலம் போதவில்லை.

"அம்மா" என்று உள்ளறையிலிருந்து சத்யப்ரியா கூப்பிட்டாள். "எழுதிட்டேன். திரும்பலாமா?"

வேண்டாம். கத்த வேண்டும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் உள்ளறையிலிருந்து, அவளுடைய குரலிலேயே, அவளுடைய அதே அசதியோடு பதில் வந்தது.

"திரும்பலாம் கண்ணு."

நாற்காலி தரையில் தேய்ந்தது.

பிறகு மழை மட்டும்.

கையிலிருந்த போர்வையைப் பார்த்தாள். விளக்கு அப்படியே. மேசை அப்படியே. சிறுமியின் முகம் இருந்த இடத்தில் இப்போது பின்னந்தலை. இரட்டைச் சடை. சிவப்பு ரிப்பன்களில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது.