காளஹஸ்தியிலிருந்து நேராக

ரங்கய்யா எங்களை வீட்டுக்குள் விடவில்லை.

கூடூருக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த ஓட்டு வீடு அது. நான்கு நாளுக்கு அறை சொல்லியிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு நானும் என் மனைவி சுவர்ணலதாவும் பைகளோடு வாசலில் போய் நின்றோம். அவர் எங்கள் நெற்றி விபூதியைப் பார்த்தார்.

"காளஹஸ்தி பூஜையா?"

"ஆமாங்க. காலையில ராகு கேது முடிச்சோம்."

"இண்டிக்கு, ஒங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க. நேரா இங்கதான்."

ரங்கய்யா வெளியே வந்து கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டார்.

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஹேமநாத், முப்பத்திரண்டு வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டி இடுப்பு தேய்ந்தவன். சுவர்ணா நகரியில் பி.டி. டீச்சராக இருந்து இந்த ஏப்ரலில்தான் ரிடையர் ஆனாள். ஊரான் பிள்ளைகளை ஓடவைத்தே அவள் முட்டி போய்விட்டது. ஒரு நாள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். நரைத்த தலையோடு ஒரு பொம்பளை பலகைமேல் நின்றுகொண்டு அலையில் வருகிறாள்.

"இன்னாங்க, ஒரே ஒரு தபா நானும் இப்டி நிக்கணும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதுவும் கேட்டவளில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கூட்டமில்லாத கடற்கரை, அவசரமில்லாத வாத்தியார் ரங்கய்யா. காலையில் இரண்டு மணி நேரம் அலை, அப்புறம் சாப்பாடு, தூக்கம். எங்கள் வயசுக்கு அது போதும்.

அதே வாரத்தில்தான் பூஜைக்கும் நாள் வந்தது. எங்கள் மகள் ரூபாவுக்கு முப்பத்தொன்று ஆகிறது, வரன் எதுவும் கூடிவரவில்லை. அந்தப் பூஜை முடித்தால் வேறெங்கும் போகாமல் நேரே சொந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ஆனால் என்னுடையது டிரைவர் புத்தி. காளஹஸ்தியிலிருந்து நகரிக்கு வந்து, மறுநாள் அதே ரோட்டில் திரும்பிப் போவதா?

"வூட்டுக்குப் போய்ட்டே போலாங்க" என்று சுவர்ணா இரண்டு தபா சொன்னாள்.

நான் கேட்கவில்லை.

ரங்கய்யா குரலைத் தாழ்த்திப் பேசினார். "நேரா வீட்டுக்குப் போயிருந்தா, கழிச்ச தோஷத்துக்குப் பின்னால வர வழி தெரியாது சார். நடுவுல நின்னா ஒட்டிக்கும். இனிமே எந்த வீட்டுக்குள்ள கூட்டிக்கினு போறீங்களோ, அங்க ஒக்காந்துக்கும். என் வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க. தப்பா நெனைக்காதீங்க."

"எந்த வீடும் கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

அவர் இடுப்புச் சாவியை எடுத்தார். வலை போட்டு வைக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் திரும்பி ஓட்ட இடுப்பில் தெம்பில்லை. அங்கேயே படுத்தோம்.

காலையில் கடலில் சின்ன அலைதான் அடித்தது. ரங்கய்யா மார்பளவு தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டார். சுவர்ணா கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்து படுத்தாள். முதல் அலையில் விழுந்து, தண்ணீருக்குள் போனாள். வெளியே வரக் கொஞ்சம் நேரமானது.

இரண்டாவது அலையில் எழுந்து நின்றாள்.

சந்தோஷத்தில் நான் கை தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மணல் தட்டும்வரை ஆடாமல் நின்று வந்தாள். திரும்பிப் போனாள். மறுபடி நின்று வந்தாள். மூன்று மணி நேரம் அப்படியே போனது. மேல்மூச்சுகூட வாங்கவில்லை.

ரங்கய்யா எப்போதோ கரையேறி என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான் தள்ளல சார்" என்றார் மெதுவாக. "அந்தம்மா விழுந்து எழுந்தப்புறம் பலகைய நான் தொடவே இல்ல."

கடலில் அலையே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சுவர்ணா மணலில் ஏறி வந்தாள். நொண்டவில்லை. அவள்மேல் உப்பு வாசம் இல்லை. அணைந்த எண்ணெய் விளக்கும் ஈரச் சாம்பலும் கலந்த வாசம் வந்தது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

அவள் எப்போதும் 'வூடு' என்றுதான் சொல்வாள்.

வீட்டில் ரூபா தனியாக இருக்கிறாள். வேலை செய்வது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அங்கேதான். இதை அங்கே கூட்டிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. சுவர்ணாவை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதனால் வண்டி ஓட்டினேன்.

காளஹஸ்திக்கே திரும்பிப் போனேன். வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். பிறகு தடாவில் ஒரு லாட்ஜ், அலிபிரியில் ஒன்று, மறுபடி தடா. லாட்ஜ் யாருக்கும் வீடு இல்லை, அது ஒன்றுதான் தைரியம். ரூபாவிடம் இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினோரு நாள். சுவர்ணா துன்னவில்லை, தூங்கவில்லை, களைக்கவுமில்லை. கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் ஒரே கேள்வி.

"வீட்டுக்குப் போலாமா?"

எனக்குக் கை மரத்துவிட்டது. ஸ்டியரிங்மேலேயே விழுந்து செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம், ஏர்பேடு தாண்டிப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் சத்தம் கேட்டது. சுவர்ணா தலை சாய்த்து, வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. சாம்பல் வாசம் போய், பதினோரு நாள் வியர்வை நாறியது. அது அவளை விட்டுவிட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

போன் அடித்தது. ரூபா.

"நைனா, எங்க இருக்க நீ? அம்மாவ மட்டும் அனுப்பிட்டியா?"

பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெயில்ல கேட்டாண்ட நின்னுக்கினே இருந்தாங்க. உள்ள வாம்மான்னு கூப்ட்டப்புறம்தான் வந்தாங்க. இன்னா நைனா, சண்டையா?"

"ரூபா, வெளிய போ."

"இன்னாது? சரியா கேக்கல."

அவளுக்குப் பின்னாலிருந்து சுவர்ணாவின் குரல் வந்தது.

"யாரும்மா போன்ல?"

பக்கத்து சீட்டில் சுவர்ணா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"ரூபாவா?" என்றாள். "குடுங்க, நான் பேசறேன்."