நூற்றுப் பதினான்காம் பூத்தில் ஒரு ஓட்டு

செவ்வாய்க்கிழமை, மாலை 6.10.

முன்னாள் எம்.எல்.ஏ. ஓபுளேசு தன் சாய்வு நாற்காலியில் செத்துக் கிடந்தார். மடியில் மூக்குப்பொடி டப்பா. பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளர். அடியில் ஒட்டியிருந்த மோரில் பூச்சிமருந்து நெடி குடலைப் பிடுங்கியது. வாசல் கதவு திறந்தே இருந்தது. கோனாபுரத்தில் அந்த வீட்டுக் கதவைப் பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை. மனு கொடுக்க வருகிறவர்களுக்காக ஏற்பட்ட பழக்கம். மனுக்கள் நின்று பல வருஷம் ஆகியும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

முதலில் பார்த்தவள் சமையல்கார லட்சும்தேவி. மாவு மில்லிலிருந்து ராகி மாவோடு திரும்பியவள், பையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

எஸ்.ஐ. மாபுன்னிசா வந்து சேர ஏழு மணி ஆயிற்று. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சிந்தலச்செருவு கிராமத்தில் மறுவாக்குப்பதிவு பந்தோபஸ்தில் காலையிலிருந்து வெயிலில் நின்றிருந்தாள். போன புதன்கிழமை தேர்தலன்று அங்கே ஒரு கூத்து. ஓட்டுப்பதிவு தொடங்குமுன் எல்லா ஏஜென்ட் முன்னாலும் ஐம்பது ஓட்டுப் போட்டு மெஷினைச் சோதிப்பார்கள். பிறகு அதை அழித்துவிட வேண்டும். அதிகாரி அழிக்க மறந்துபோனார். போட்டது வேறு, மெஷினில் இருந்தது வேறு. அந்த ஒரு பூத்துக்கு மட்டும், நூற்றுப் பதினான்காம் பூத்துக்கு, இன்று முழுக்க மறுபடி ஓட்டு.

நூற்றுப் பதினான்கு! தொகுதியில் அந்த எண்ணைச் சொன்னாலே பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த ஓபுளேசு எண்பத்தொன்பதில் ஒன்பது ஓட்டில் தோற்றார். அன்று அந்தப் பூத்தில் நாட்டு வெடிகுண்டு விழுந்தது. ஓட்டுப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்த அவருடைய ஏஜென்ட் ஈரன்னா அங்கேயே செத்தான். ஓபுளேசு கொடுத்த புகாரில் அந்த ஊர் எதிர்க்கட்சிக்காரர்கள் மூன்று பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 'இனி இந்த ஊர்ல ஓபுளேசுக்கு ஒரு ஓட்டு கிடையாது' என்று கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தது சிந்தலச்செருவு.

அதற்குப் பிறகு அவர் சுயேச்சையாக, தையல் மெஷின் சின்னத்தில் நின்றுகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் டெபாசிட் போயிற்று. ஆனால் ஓட்டு மெஷின் வந்து பூத்வாரியாகக் கணக்கு தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஒரு விசித்திரம். நூற்றுப் பதினான்கில் அவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழும். இரண்டில்லை, பூஜ்யமும் இல்லை. எண்ணும் இடத்தில் அந்த எண்ணைக் கேட்டதும் ஓபுளேசு முகத்தைப் பொத்திக்கொள்வார். "ஈரன்னா போட்டுட்டான்" என்பார். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வராது.

லட்சும்தேவி அந்த ஈரன்னாவின் மனைவி. இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டுச் சமையல்கட்டில் இருக்கிறாள். ஓட்டும் கோனாபுரத்துக்கு மாறிவிட்டது.

இரவு 8.00.

"மோர் குடுத்தது யாருக்கா?" என்று கேட்டாள் மாபுன்னிசா.

"நான்தான். நாலு மணிக்கு. தினமும் குடுக்கறதுதான்."

"அப்புறம்?"

"மில்லுக்குப் போனேன். கரண்டு இல்ல, உக்காந்திருந்தேன்."

"மருந்து நெடி இப்படி அடிக்குதே, குடிக்கிறவருக்குத் தெரியாதா?"

"அண்ணாவுக்கு மூக்கு செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அத்தனை பொடி போடுவாரு. நெய் கருகினாக்கூடத் தெரியாது."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

லட்சும்தேவி யோசித்தாள். "வீட்டு மனுஷங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்." தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் சொன்னாள்.

"காலையில நீங்க கத்தினதைத் தெருவே கேட்டிருக்கு."

"கத்தினேன். குண்டு போட்டது எதிர்க்கட்சி இல்ல லட்சும்தேவி, நம்ம ஆளுதான்னு சொன்னாரு. மறு ஓட்டு வரட்டும்னு போட்ட குண்டாம். வெள்ளிக்கிழமை எண்ணி முடிச்சதும் எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்றேன்னாரு. இருபத்தஞ்சு வருஷம் என் கையால சாப்பிட்டுட்டு அதைச் சொல்றாரு! கத்தாம என்ன செய்வேன்?"

"அவ்வளவு கோபத்திலயும் மோர் குடுத்தீங்களா?"

"கோபம் வேற, மோர் வேற" என்றாள் லட்சும்தேவி.

டி.எஸ்.பி. போனில் சுருக்கமாக முடித்தார். "காரணம் இருக்கு, மோர் அவ கையால போயிருக்கு, வீட்ல வேற ஆள் இல்ல. இன்னும் என்னம்மா வேணும்? நாளைக்கு அஞ்சு மணிக்கு மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்திடு."

மாபுன்னிசா போனை வைத்தாள். புருஷனைக் கொன்றவன் யாரென்று தெரியாமலே, அவனை இத்தனை வருஷம் மறைத்துவைத்தவரைக் கொன்றாள் என்று இந்தப் பெண் ஆயுள் முழுக்க உள்ளே கிடக்கப்போகிறாள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

புதன்கிழமை, காலை 9.00.

கொலைச் செய்தி கேட்டு பெங்களூரிலிருந்து ஓபுளேசுவின் மச்சினன் குள்ளாயப்பா விடியற்காலையில் வந்திருந்தார். செத்துப்போன மனைவியின் தம்பி. பெங்களூரில் டயர் கடை. சொந்த ஊர் சிந்தலச்செருவு. ஓட்டு இன்னும் அங்கேதான். வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதும் காபி சொல்வதும் அவர்தான்.

"கடைசியா எப்போ வந்தீங்க?"

"ஓட்டு நாளைக்கு வந்தேன் மேடம். போன புதன்கிழமை. ஓட்டைப் போட்டுட்டு, மாமாவையும் பார்த்துட்டு, அன்னிக்கே கிளம்பிட்டேன்."

"நேத்து?"

"நேத்து முழுக்க கடையில. போன் டவரைப் பார்த்துக்குங்களேன்." குரல் உடைந்தது. "எங்கக்கா போனப்புறம் எனக்கு அம்மா அப்பா எல்லாம் மாமாதான். என்னை ஆளாக்கினவரு." சட்டைப்பையில் கைக்குட்டை இல்லை. மை வைத்த இரண்டு விரலாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளையை விடாதீங்க மேடம்" என்றார்.

டவர் விவரம் பதினொரு மணிக்கு வந்தது. செவ்வாய் முழுவதும் குள்ளாயப்பாவின் போன் பெங்களூரை விட்டு நகரவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

காலை 11.40.

சிந்தலச்செருவில் டீக்கடை. ஊரே ஓபுளேசு சாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. மாபுன்னிசாவைக் கண்டதும் பேச்சு மழைக்குத் தாவியது.

"ஓபுளேசு மேல இந்த ஊருக்கு இன்னும் கோபமா?" என்று நேராகவே கேட்டாள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த சுங்கன்னா சிரித்தார். "கோபம் இருந்தா அப்பவே வெட்டியிருப்போம் மேடம். அந்த ஒரு ஓட்டுதான் எங்களைக் கொல்லுது. யாருடா போட்டான்னு அண்ணன் தம்பியைச் சந்தேகப்படறான், புருஷன் பொண்டாட்டியைச் சந்தேகப்படறான். என் வீட்டுக்காரி என் கூட ஒரு மாசம் பேசல!"

"நீங்க போட்டீங்களா?"

"அய்யோ, கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினவன் நான்!" கிளாஸை நீட்டியபடி இடது கையை விரித்துக் காட்டினார். "இந்த ஊர்க்காரனா பொறந்ததுக்கு இதுதான் மிச்சம். காலையில பஸ்ல கண்டக்டர் என் விரலைப் பார்த்துட்டே சொல்றான், சிந்தலச்செருவு டிக்கெட்டான்னு!"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். மாபுன்னிசா சிரிக்கவில்லை. டீயை ஒரு வாய்கூடக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள்.

"உங்க ஊர் ஏஜென்ட்டுங்க யாராவது இருக்காங்களா? ஓட்டர் லிஸ்ட்ல டிக் போட்ட காகிதம் வெச்சிருப்பாங்களே?"

ஏஜென்ட் வீட்டில் பத்து நிமிஷம் இருந்தாள். வெளியே வந்தபோது கையில் மடித்த காகிதம்.

மாலை 4.15.

உடல் பிரேதப் பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. மாலை போட வந்த டி.எஸ்.பி. முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குள்ளாயப்பா. வாசலில் ஜீப், அதற்குள் லட்சும்தேவி. கோர்ட்டுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

மாபுன்னிசா லட்சும்தேவியைக் கையைப் பிடித்து இறக்கி உள்ளே அழைத்து வந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் டி.எஸ்.பி.

"சார், ஒரு நிமிஷம். குள்ளாயப்பா, இடது கையைக் காட்டுங்க."

குள்ளாயப்பா காட்டினார். இதிலென்ன என்பது போல.

"ஆள்காட்டி விரல்ல மை. சரி. அது போன புதன்கிழமை வெச்சது, வெயில் பட்டுக் கறுத்திருக்கு. நடுவிரல்ல ஏன் மை?"

குள்ளாயப்பா கையை மடக்கிக்கொண்டார். மாபுன்னிசா டி.எஸ்.பி. பக்கம் திரும்பினாள்.

"சார், தேர்தலன்னிக்கு எல்லாருக்கும் ஆள்காட்டி விரல். மறுவாக்குப்பதிவுன்னா அந்த விரல்ல ஏற்கெனவே மை இருக்குமே? அதனால நடுவிரல்ல வைப்பாங்க. இந்தத் தொகுதியில நடுவிரல் மை இருக்கிறவங்க நூற்றுப் பதினாலாம் பூத் ஆளுங்க மட்டும்தான். அதுவும் நேத்து அங்க நேர்ல நின்னவங்க. போன் பெங்களூர்ல கடையில இருந்துச்சு. ஆள் பைக்ல இங்க இருந்தாரு."

"அது… கடையில மை டப்பா கைபட்டு…" என்று ஆரம்பித்தார் குள்ளாயப்பா.

"ஏஜென்ட் லிஸ்ட்ல உங்க பேர்ல டிக் இருக்கு. துண்டை முக்காடு போட்டுட்டு கடைசிப் பத்துப் பேர்ல வந்தாரும்மான்னு அந்த ஏஜென்ட்டே சொல்றாரு. அஞ்சு இருபதுக்கு. பெங்களூர்லயிருந்து அம்பது பேர் வந்திருந்தாங்க. அதுல நீங்க ஒருத்தர். யாருக்கும் சொல்லணும்னே தோணல. நானும் அங்கதான் நின்னேன். உங்களையும் பார்த்திருப்பேன், முகம் மனசுல பதியல. இன்னிக்குக் காலையில அந்த விரலையும் பார்த்தேன். இந்த வாரம் யார் விரலைப் பார்த்தாலும் மைதானேன்னு விட்டுட்டேன்." அந்த நினைப்பில் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. "மாமாவுக்கு நெடி தெரியாதுன்னு வீட்டு மனுஷனான உங்களுக்குத் தெரியும். நாலரைக்கு இங்க மோர்ல மருந்தைக் கலந்துட்டு, அஞ்சு இருபதுக்கு அங்க வந்து நின்னிருக்கீங்க. எண்பத்தொன்பதுல குண்டு போட்டதும் நீங்கதான். வெள்ளிக்கிழமை மாமா சொல்ல இருந்த பேர் உங்க பேர்."

டி.எஸ்.பி. எழுந்து நின்றுவிட்டார். "யோவ், கொலையைப் பண்ணிட்டு எவனாவது போலீஸ் நிக்கிற க்யூவுல வந்து ஓட்டுப் போடுவானா?"

குள்ளாயப்பா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரலில் அழுகை இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"போட்டுத்தான் ஆகணும் சார். அந்த ஒரு ஓட்டு நான் போடறதுதான். ஈரன்னா செத்த அன்னிக்கு அவன் இன்னும் ஓட்டுப் போடல. ஏஜென்ட்டாச்சே, கடைசியில போட்டுக்கலாம்னு இருந்தான். அதுக்கப்புறம் நடந்த மறு ஓட்டன்னிக்கு என் கனவுல வந்து வரிசையில நின்னான். அன்னிலேருந்து ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் அவனுக்குப் பதிலா தையல் மெஷினை அமுக்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். போன புதன்கிழமை போட்டது செல்லாதுன்னுட்டாங்க. நேத்து போடாம விட்டிருந்தா, பூஜ்யம்னு வந்திருக்கும் சார். அவன் மறுபடி வந்து நிப்பான்." நிமிர்ந்து மாபுன்னிசாவைப் பார்த்தார். "நீங்கதான் மேடம், 'சீக்கிரம் உள்ள போங்க, டைம் ஆச்சு'ன்னு சொன்னீங்க."

மாபுன்னிசாவுக்கு அது நினைவிருந்தது. சொன்னாள்தான். யாரிடம் சொன்னோம் என்பது மட்டும் நினைவில்லை.

"வெள்ளிக்கிழமை பேரைச் சொல்லப்போறேன்னு மாமா போன வாரமே என்கிட்ட சொல்லிட்டாரு. நேத்து வந்து கெஞ்சினேன்" என்றார் குள்ளாயப்பா. "வயசான காலத்துல எதுக்கு மாமா இதெல்லாம்னு. 'நான் சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது நியாயமா ஜெயிக்கணும்டா'ன்னாரு. ஈரன்னா ஃபோட்டோவை எடுத்துட்டு வர உள்ள எழுந்து போனாரு. டம்ளர் அங்கேயே இருந்துச்சு."

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தான். டி.எஸ்.பி. லட்சும்தேவியைப் பார்க்காமல், "அந்தம்மாவை அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

"அக்கா, நீங்க போகலாம்" என்றாள் மாபுன்னிசா.

லட்சும்தேவி போகவில்லை. குள்ளாயப்பாவின் எதிரில் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தும் மாபுன்னிசா தடுக்கவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்றே இருந்தாள்.

"புகைக்குள்ள போய் என் வீட்டுக்காரரைத் தூக்கினது நீங்கதானே? ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. உங்க மடியிலதான் உயிர் போச்சுன்னு."

"ஆமாம்" என்றார் குள்ளாயப்பா.

"ஏதாவது சொன்னாரா?"

அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சொல்லுங்க. இத்தனை வருஷம் உங்களுக்கெல்லாம் சோறு போட்டேன். அதையாவது சொல்லுங்க."

"'வந்துட்டீங்களாண்ணா'ன்னான். 'குண்டு போட்டவனை நான் பார்க்கல, ஆனா நீங்க வந்துட்டீங்க, இனிமே பயமில்ல'ன்னான். என் கையைக் கெட்டியாப் பிடிச்சிருந்தான்."

"எந்தக் கையை?"

குள்ளாயப்பா இடது கையை நீட்டினார். லட்சும்தேவி அதைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டு, கான்ஸ்டபிள் அழைக்கும்வரை விடாமல் நின்றாள்.