பின்சீட்டில் இருந்த அட்டிகை

"என் மூத்த சம்சாரம் திருடி ஒளிச்சு வச்சதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும் சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்பிடுவாங்க."

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி திருஞானசம்பந்தம் ஒரு வைர அட்டிகையை மேசைமேல் வைத்தார். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜினேந்திரன் அதைத் தொடவில்லை. அவருடைய நண்பர், போட்டோ ஸ்டூடியோ அப்பாதுரைதான் ஆவலோடு குனிந்து பார்த்தார்.

1957 தை மாதம் காணாமல்போன அட்டிகை அது. திருடி என்று சொல்லி மனைவி கமலவேணியை விரட்டிவிட்டு, அடுத்த வருடமே திருஞானசம்பந்தம் மறுமணம் செய்துகொண்டார். பிறந்த வீட்டில் இரண்டு வருடம் கிடந்த கமலவேணி கிணற்றில் விழுந்து இறந்தாள். அட்டிகை தொலைந்து பன்னிரண்டு வருடம் கழித்து, இப்போது மகள் வடிவாம்பாளின் கல்யாணத்துக்காகப் பழைய ஆஸ்டின் காரின் சீட்டுகளைப் புதுப்பிக்கையில் அது கிடைத்திருக்கிறது. செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டி, அட்டிகை அங்கே எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

"சீட்டு எப்படிக் கெட்டது?" என்றார் ஜினேந்திரன்.

"அவ வீட்டை விட்டுப் போன அதே வருஷம் ஐப்பசியில வெள்ளம் வந்துச்சே! சீட்டெல்லாம் முங்கி மூணு நாள் நின்னுது. அப்புறம் ஷெட்டைப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கினேன். வண்டி மேல வேற யார் கையும் பட்டதில்ல."

"பின்சீட்டைப் பிரிக்கச் சொன்னது யார்?"

"முன்சீட்டு மட்டும்தான் சொன்னேன். நான் பெங்களூர் போயிருந்தப்ப பொண்ணு மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லிட்டா."

மூவரும் செவிலிமேட்டில் சீட்டு தைக்கும் வீரபத்திரனின் கொட்டகைக்குப் போனபோது வடிவாம்பாளும் அங்கே நின்றிருந்தாள்.

"அந்தக் காலத்துத் தோலு சார். எண்ணெய் போட்டா மெத்துன்னு ஆயிடும். மாத்த மனசு வரல" என்றார் வீரபத்திரன். உள்ளிருந்து எடுத்த குதிரைமுடியும் சாக்குத்துணியும் சேறு காய்ந்து பாளமாகக் கிடந்தன. "இதுக்கு நடுவுலதான் அட்டிகையோட இந்தப் பை இருந்துச்சு."

"போகிற அவசரத்தில் அந்தம்மாதான் சொருகியிருக்க வேண்டும்!" என்றார் அப்பாதுரை.

ஜினேந்திரன் அந்த வெள்ளைத் துணிப்பையைச் சாக்கின்மேல் விரித்தார். அதில் பொட்டுச் சேறு இல்லை.

"சாக்கு வெள்ளத்தில் முங்கியது. நடுவில் இருந்த பை முங்கவில்லை. அப்படியானால் பை உள்ளே போனது வெள்ளம் வடிந்த பிறகு. கமலவேணி அதற்கு ஒன்பது மாதம் முன்பே போய்விட்டாள். அதற்குப் பிறகு வண்டியைத் தொட்ட கை ஒன்றுதான் என்று நீங்களே சொன்னீர்கள்."

திருஞானசம்பந்தம் மகளைப் பார்க்கவில்லை. "அவள அனுப்பணும்னு ஆயிடுச்சு. வேற காரணம் கிடைக்கல. ரெண்டாந்தாரம் வந்தா பீரோவைத் திறப்பாளேன்னு இந்தச் சீட்டுக்குள்ள வச்சேன். சார், இதை மட்டும் எழுதிடாதீங்க. கல்யாணம் நின்னுடும்."

வடிவாம்பாளின் குரல் உடையவில்லை. "அப்ப எனக்கு ஒம்பது வயசு. பள்ளிக்கூட வாசல்ல அம்மா வந்து நின்னாங்க, முறுக்கு வாங்கிக்கினு. நீ திருடி, நீ குடுத்தா தின்ன மாட்டேன்னு தட்டி விட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேம்பா. மறுநாள்தான் கிணத்துல விழுந்தாங்க."

"குழந்தைம்மா நீ அப்போ..."

அவள் ஜினேந்திரன் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க சார். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே எடுத்துக்கினு போறேன்."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.