ஏற்றாத இரண்டாவது விளக்கு

பராசக்தி மருந்துச்சாலைக்குள் ஓடிவந்தபோது அவள் காலில் செருப்பு இல்லை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

“மிஸி, என்ரை மனுசனுக்கு நான் நஞ்சு வைச்சிட்டனாம்! இவரின்ரை தமையன் அடிச்சுத் துரத்திப்போட்டார். அவர் சாகப்போறார் மிஸி, ஓடி வாங்கோ!”

சண்டிலிப்பாயில் அப்போது டொக்டர் இல்லை. கொழும்புக்குப் போனவர் போனவர்தான். சண்டையும் பொருளாதாரத் தடையும் இருந்த அந்த வருசத்தில் யார் திரும்பி வருவார்? நோயாளியைப் பார்ப்பது, நோயைக் கண்டுபிடிப்பது எல்லாமே தாதியான ஸ்ரெல்லா மிஸியின் தலையில்தான். அவர் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். உதவியாளர் கனிசியஸ் பராசக்தியைத் தன் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டார். கனிசியஸுக்குத் துப்பறிகிற வேலை என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

பாதி வழியில் ராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. மூவரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஒரு பூவரச வேலியின் கீழே பதுங்கினார்கள். தலைக்கு மேலே அது வட்டமடித்தது. கனிசியஸ் செபம் சொன்னார். மிஸியோ கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“இரவு என்ன சாப்பிட்டவர்?”

“பிட்டு. எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டனாங்கள்.”

“எங்கை படுத்தவர்?”

“ஷெல்லுக்குப் பயந்து எல்லாரும் பங்கர் குழிக்குள்ளை. இவர் மட்டும் அதுக்குள்ளை ஒரு ஓரத்திலை, வெறும் நிலத்திலை.”

“எழும்பினபிறகு?”

“வயித்துக்குத்து எண்டவர். பிறகு என்னை ஏசினவர், ‘ஏன்டி ரெண்டு விளக்குக் கொளுத்தினனி?’ எண்டு. மிஸி, ஒரு விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை! ஒண்டுதான் எரிஞ்சது. கொஞ்ச நேரத்தாலை கண் மூடிப்போச்சு, கதைக்கவும் ஏலேல்லை.”

ஹெலி விலகியதும் கனிசியஸ் மிஸியின் காதருகே குனிந்தார். “விளக்குக் கதையை ஏன் சொல்லுறா? உவ எதையோ மறைக்கிறா.”

“உவ ஒண்டையும் மறைக்கேல்லை. ஏறும்.”

வீட்டு முற்றத்தில் பெண்கள் ஏற்கெனவே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, தமையன் கதிரவேலு தம்பியின் தலையைத் தூக்கிப் பிடித்து, உப்புத்தண்ணிக் கோப்பையை வாயில் சாய்க்கப்போனார்.

“ஊத்தாதேங்கோ!” மிஸி கோப்பையைத் தட்டிவிட்டார். “அவராலை விழுங்க ஏலாது. மூச்சுக்குழாய்க்குள்ளை போனால் உங்கடை கையாலையே சாவார்.”

“அவள் குடுத்த நஞ்சை எடுக்கவேண்டாமோ?” கதிரவேலு ஒரு போத்திலை நீட்டினார். புகையிலைக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் போத்தில், தூசி படிந்து காலியாக இருந்தது. “அடுப்படிக்குள்ளை கிடந்தது. என்ரை தம்பி முடிஞ்சான். அவளை நான் உயிரோடை விடமாட்டன்.”

அவர் கை கதவோரத்துக் கத்தியைத் தேடியது. பராசக்தி சுவரோடு ஒட்டி நின்றாள். கனிசியஸ் கதவோரத்தை மறித்து நின்றார்.

மிஸி அவசரப்படவில்லை. பராசக்தியின் கணவர் தியாகராசாவின் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தார். நெற்றியையும் கையையும் தடவினார். நெஞ்சு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். மூடிய இமைகளை விரலால் தூக்கி ரோச் வெளிச்சத்தை அடித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“எல்லாரும் உள்ளை வாங்கோ. கதிரவேலு அண்ணை, பூச்சிமருந்து குடிச்சவரின்ரை கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கும். உடம்பு வேர்வையிலை குளிக்கும், வாய் மணக்கும். இவரின்ரை கண்மணி விரிஞ்சு கிடக்கு. தோல் காய்ஞ்சிருக்கு. மணமே இல்லை.”

“அப்ப இது என்ன?”

“இமை தூக்க ஏலாமல் விழுந்திருக்கு. அதுக்கு முதல் ஒரு விளக்கு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. கண்ணை இழுக்கிற தசை சோர்ந்தால் அப்பிடித்தான் தெரியும். வயித்துக்குத்து, வெறும் நிலத்திலை படுக்கை. கட்டுவிரியன் பாம்பு கடிச்சால் நோவும் இராது, வீக்கமும் இராது. கனிசியஸ், தடியோடை பங்கரைப் பாரும். கையை வைக்காதேயும்.”

கொஞ்ச நேரத்தில் பங்கரிலிருந்து அலறல் வந்தது. “ஐயோ மாதாவே! கிடக்கு மிஸி! சாக்குக்குக் கீழை சுருண்டு கிடக்கு!”

கதிரவேலு நிலத்தில் குந்திவிட்டார். “எண்டாலும் தம்பி செத்துப்போனானே...”

“ஆர் சொன்னது?” மிஸி நோயாளியின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்தார். “தியாகராசா அண்ணை, நான் சொல்லுறது விளங்கினால் விரலை அசையுங்கோ.”

சுட்டுவிரல் மெல்ல மடிந்தது.

பெண்களின் ஒப்பாரி சட்டென்று நின்றது. அவர் காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். தன் சாவுக்கு அழுததை, மனைவிக்கு விழுந்த அடியை, எல்லாவற்றையும். கதிரவேலு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினார்.

பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய ஏ-நாற்பது காரைக் கனிசியஸ் பிடித்துவந்தார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்வரை மூச்சு நிற்காமல் பார்க்கவேண்டும். மிஸி பையிலிருந்து முகமூடி பொருத்திய ஒரு ரப்பர் காற்றுப்பையை எடுத்தார்.

“நான் முகமூடியையும் தாடையையும் பிடிக்கவேணும். இன்னொராள் வழி முழுக்க இதைக் கையாலை அமத்திக்கொண்டே இருக்கவேணும். விட்டால் மூச்சு நிண்டுபோம்.”

“நான் அமத்திறன்,” என்றார் கதிரவேலு.

மிஸி நோயாளியிடம் குனிந்தார். “உங்கடை மூச்சு. நீங்கள்தான் சொல்லவேணும். அண்ணை அமத்தட்டே?”

விரல் அசையவில்லை.

“பராசக்தி?”

விரல் மடிந்தது. நிமிர்ந்து மறுபடியும் மடிந்தது.

கதிரவேலு காரின் கதவைத் திறந்து பிடித்தார். பராசக்தி ஏறி அமர்ந்து காற்றுப்பையை வாங்கினாள். வானத்தில் எங்கோ மறுபடியும் ஹெலி இரைந்தது.

“பயமா இருக்கு மிஸி.”

“எனக்கும்தான். பயந்துகொண்டே அமத்துங்கோ.”

அவள் அமத்தினாள். தியாகராசாவின் நெஞ்சு எழும்பியது.