சன்னலில் பச்சைக் கவுன்

எங்கள் பழைய வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் ரயில் தெரியும். எங்கோ தூரத்தில் புள்ளியாக அல்ல. சரிவுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, புஸ் புஸ் என்று பெருமூச்சு விட்டபடி தண்ணீர் குடிக்கும். அதை ஓட்டி வருபவர் என் அப்பா.

மலை ரயிலுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. முன்னால் ஒரு கறுப்பு நீராவி இன்ஜின், பின்னால் சில மஞ்சள் பெட்டிகள், அவ்வளவுதான். ஏற்றத்தில் எங்கள் தெருநாயே அதை முந்திவிடும். முந்திவிட்டு, திரும்பி நின்று ரயிலைப் பார்த்து ஏளனமாகக் குரைக்கும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அடிக்கடி காய்ச்சல் வருமாம். மலைப்பாதையில் போனுக்கு சிக்னல் கிடைக்காது.

"வண்டியில ஏறிட்டா பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அப்பா தவித்தாராம்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். எனக்குக் காய்ச்சல் இல்லையென்றால் என் பச்சைக் கவுனைச் சன்னலில் தொங்கவிடுவார். தொட்டியருகே நிற்கும் அப்பா அதைப் பார்ப்பார். இன்ஜின் இரண்டு முறை கூவும். வண்டி கிளம்பும். பச்சை தெரிந்தால் போகலாம் என்பது ரயில்காரர்களுக்குப் புதிதா என்ன?

காய்ச்சல் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்து, இப்போது என் ஒரு கையைக்கூட நுழைக்க முடியாத அந்தக் கவுன்தான் தினமும் சன்னலில் தொங்கும். பள்ளி நாட்களில் அம்மா கட்டுவார். விடுமுறையில் நான்.

அப்புறம் ஒருநாள் அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தது. சமவெளியில் வேலை. பெரிய வண்டி, வேகமான வண்டி. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சன்னலருகே நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். நம்ம வண்டி மலையேறுறது எப்படி இருக்கும்னு நான் வெளியில நின்னு பார்த்ததே இல்ல" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று மாலையே கடைக்குப் போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று மாமாவைப் போனில் கூப்பிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவர். என்னை அவர் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார். ஒல்லியாக இருப்பேனாம், ஆனால் குத்துவேனாம்.

"மாமா, அப்பாவோட கடைசி டிரிப்பை ட்ரோன்ல எடுக்கணும். அப்பாவுக்குத் தெரியக் கூடாது" என்றேன்.

"எடுத்துடலாம் குண்டூசி. ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நானே பேசுறேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தார். ரயிலுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, உயரத்திலேயே பறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாமா ட்ரோனோடு வந்து இறங்கினார். அது ங்ங்ங் என்று கிளம்பிய உடனே அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னடா இது, குளவி மாதிரி?"

அன்று முதல் அதற்குக் குளவி என்றே பெயராகிவிட்டது.

அப்பா வேலைக்குப் போனதும் மாமா எனக்கு ரிமோட்டைப் பிடிக்கப் பழக்கினார். முதல் தடவை குளவி கொடிக்கயிற்றில் மாட்டி, மாமாவின் சட்டையோடு கீழே விழுந்தது. அடுத்த தடவை கோழியைத் துரத்தியது. நான் துரத்தவில்லை, அதுவாகத்தான் துரத்தியது. பிறகு மெல்ல மெல்லக் கை படிந்தது.

"தொட்டி வரைக்கும் நான் எடுக்கிறேன். அதுக்கப்புறம் வண்டி பாலத்துல போகும்ல, அந்தப் பாலம் உனக்கு" என்றார் மாமா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கும்போதுகூட என் கட்டைவிரல்கள் ஆடிக்கொண்டிருந்தன என்று அம்மா சொன்னார்.

அந்த நாளும் வந்தது. அப்பா விடியும்போதே கிளம்பிப் போய்விட்டார். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மறுநாள் காலி செய்ய வேண்டுமே. அதில்தான் ஒரு வம்பு. அம்மா கட்டிய ஏதோ ஒரு பெட்டிக்குள் குளவியின் சார்ஜரும் போய்விட்டது.

"எந்தப் பெட்டி, அக்கா?" என்று மாமா கேட்டார்.

"பாத்திரப் பெட்டியா இருக்கும். இல்லைன்னா போர்வைப் பெட்டி. எதுக்கும் நீ செருப்புப் பெட்டியையும் பாரு" என்றார் அம்மா.

தேட நேரமில்லை. சார்ஜ் இருந்த பேட்டரி ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவைதான் பறக்க முடியும். மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு மேலே இருந்த பாறைக்கு ஏறினோம்.

கீழே புகை தெரிந்தது. மாமா குளவியைப் பறக்கவிட்டார். மூவரும் ரிமோட்டின் திரையில் தலையை நுழைத்துக்கொண்டோம். மரங்களுக்கு நடுவே எங்கள் ரயில் வளைந்து வளைந்து ஏறி வந்தது. இவ்வளவு அழகான வண்டியையா நாய் கேலி செய்தது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரயில் தொட்டியருகே நின்றது. தண்ணீர் பிடித்தார்கள். குழாயை நகர்த்தினார்கள். கார்டு விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டினார்.

வண்டி நகரவில்லை.

கார்டு மறுபடியும் ஊதினார். அப்போதும் நகரவில்லை. திரையில், இன்ஜினிலிருந்து ஒருவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான் எதைத் தேடுறாரு?" என்றார் மாமா.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ கட்டலையா?" என்றார் அம்மா.

"நீ கட்டியிருப்பேன்னு நினைச்சேன்மா."

"ஞாயித்துக்கிழமை நீதானே கட்டுவே?"

"நீ சன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தியே."

"நான் பெட்டி கட்டிட்டு இருந்தேன்டி."

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தவறாத கவுன், கடைசி நாளில் தவறிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க, அவரே கிளம்பிடுவாரு. பேட்டரி இறங்கிட்டே வருது. குண்டூசி, இந்தா, பாலத்துக்குத் தயாரா இரு" என்று மாமா ரிமோட்டை என் கையில் வைத்தார்.

ரிமோட் என் கையில் இருந்தது. எத்தனை நாளாகக் காத்திருந்தேன். ஆனால் திரையில் அப்பா இன்னும் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பிவிடுவார்தான். கிளம்பி, எனக்கு என்னவோ ஏதோ என்று நினைத்து நினைத்தே மேலே வரை ஓட்டுவார். இந்த மலையில் அவருடைய கடைசிப் பயணம் அப்படியா முடிய வேண்டும்?

"நீங்களே பிடிங்க மாமா" என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"ஏய், பாலம்?" என்று மாமா கத்தியது பின்னால் கேட்டது.

சரிவில் பாதி ஓடினேன், மீதி சறுக்கினேன். ஒரு செருப்பு எங்கேயோ பறந்துபோனது. கொல்லைக் கதவைத் தள்ளி, அட்டைப்பெட்டிகள் மேல் ஏறி இறங்கிச் சமையலறைக்குள் போனேன். அலமாரி காலி. கொக்கிகள் காலி. கவுனும் பெட்டிக்குள் போயிருந்தால் என்ன செய்வது என்று நினைத்தபோதே அழுகை வந்தது.

ஆனால் கவுன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டையே மூட்டை கட்டிய அம்மாவுக்கு அதை மட்டும் உள்ளே வைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

சன்னலில் கட்டவெல்லாம் பொறுமை இல்லை. இரண்டு கைகளாலும் பிடித்து வெளியே நீட்டி ஆட்டினேன்.

கீழே ஒரு நொடி எந்தச் சத்தமும் இல்லை. பிறகு இன்ஜின் கூவியது. மறுபடியும் கூவியது. வழக்கமாக அத்தோடு சரி. அன்று மூன்றாவதாக ஒன்று, நீளமாக, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கூவியது. பிறகுதான் வண்டி நகர்ந்தது.

நான் பாறைக்குத் திரும்பியபோது குளவி மாமாவின் மடியில் அடங்கிக் கிடந்தது.

"பாலம் எடுத்தீங்களா மாமா?"

"இல்ல. பேட்டரி காலி" என்றார். ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

மாலையில் அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லப்பா. மறந்துட்டோம்" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்" என்றார் அம்மா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மாமா ஒரு அட்டைப்பெட்டியின் மேல் கம்ப்யூட்டரை வைத்தார். அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ட்ரோனில் சத்தம் பதிவாகாது என்பதால் படம் ஊமையாக ஓடியது. மரங்கள். புகை. வளைந்து வரும் மஞ்சள் பெட்டிகள்.

"நம்ம வண்டியா இது?" என்றார் அப்பா மெதுவாக.

ரயில் தொட்டியருகே நின்றது. அப்புறம் நான் எதிர்பார்க்காதது நடந்தது. படம் ரயிலை விட்டுத் திரும்பியது. சரிவில் ஒரு சின்ன உருவம் விழுந்து எழுந்து ஓடியது. செருப்பு பறந்தது. எங்கள் வீட்டுக் கூரை வந்தது. சன்னல் வந்தது. சன்னலில் துளியூண்டு பச்சை வந்தது. குளவி மெல்ல உயர, சன்னலும் ரயிலும் ஒன்றாகத் தெரிந்தன. இன்ஜின் மேல் வெள்ளையாக ஆவி ஒருமுறை எழுந்தது. மறுபடியும் எழுந்தது. அப்பா வாயாலேயே கூவினார்.

"கூ... கூ..."

மூன்றாவதற்கு அவரால் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாலத்தை எடுக்க முடியல அத்தான்" என்றார் மாமா. "பரவாயில்ல, பாலத்தை யாரு வேணாலும் எடுக்கலாம்."

"இன்னொரு தடவை போடு" என்றார் அப்பா.

இப்போது சமவெளியில் இருக்கிறோம். இந்த வீட்டுச் சன்னலில் ரயில் தெரியாது. எதிர்வீட்டு மதிலும், தெருமுனையும், ஒரு விளக்குக் கம்பமும்தான். முதல் வாரம் முழுக்க அந்தச் சன்னல் பக்கமே எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அப்பாவும் வேலை முடிந்து சைக்கிளில் வருவார், பேசாமல் சாப்பிடுவார், அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் மாலை, அவர் வருகிற நேரத்துக்குக் கவுனை எடுத்துச் சன்னல் கம்பியில் கட்டினேன். அம்மா பார்த்தார். முடிச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

தெருமுனையில் சைக்கிள் திரும்பியது. திரும்பியதும் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்பா சன்னலையே பார்த்தார். பிறகு சைக்கிள் மணி இரண்டு முறை ஒலித்தது.

அதற்கப்புறம்தான் சைக்கிள் நகர்ந்தது.