சிட்டு இறக்கிய சுருதி

"ஒரு கால்ல பச்சை, ஒரு கால்ல நீலமா! இது என்னடி புது நாகரிகம்?" என்று அம்மா சிரித்தாள்.

சிட்டு குனிந்து பார்த்தாள். காலுறைகளை மாற்றிப் போட்டிருந்தாள். வாசலில் பள்ளி வண்டி ஒலி எழுப்பியது.

"பரவால்ல, ஓடு! யாரு பாக்கப் போறா?"

அம்மா அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். மாலையில் சிட்டு திரும்பியபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அம்மா இல்லை. இதயம் திடீரென்று நின்றுவிட்டதாம்.

அதன்பின் அப்பாதான் சமைத்தார், துவைத்தார், சிட்டுவுக்குக் கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டார். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கும் கூட்டிப்போனார். ஆனால் முன்பெல்லாம் எல்லாருக்கும் அரை வரி பின்னாலேயே பாடிவந்தவர், இப்போது பாட்டு தொடங்கினால் வாயைத் திறக்கமாட்டார். அங்கே முன்னால் நின்று பாட்டை எடுத்துக்கொடுத்தவள் அம்மாதான்.

"அப்பா, நீங்களும் பாடுங்களேன்."

"தொண்டை கட்டியிருக்கும்மா."

வாராவாரமா தொண்டை கட்டும்?

ஒருநாள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் அத்தை வீட்டுக்கு வந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை நீ பாட்டு எடுத்துக்குடுக்கிறியா, சிட்டு?"

நான் பாடினால் அப்பாவும் பாடுவார் என்று சிட்டு நினைத்தாள். "சரி அத்தை!" என்றாள்.

இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நண்பர்களின் கால்களைக் கழுவக் குனிந்ததைச் சொல்லும் பாட்டு அது. ஒத்திகையில் சிட்டு அதை உச்சத்தில் எடுத்தாள். குரல் கணீரென்று ஒலித்தது.

"அடேயப்பா! அம்மாவையே மிஞ்சிட்டியே! நீ ஜெயிச்சுட்டே, போ!" என்றார் அத்தை.

சிட்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆலயத்தில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டதே இல்லை. அம்மாவுக்குச் சின்னக் குரல் என்றே அவள் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிட்டு தொடங்கியதும் எல்லாரும் வியந்து நிமிர்ந்தார்கள். கூடவே பாடவும் பார்த்தார்கள். ஆனால் இரண்டாவது வரியிலேயே பின்வரிசை நின்றுபோனது. அங்கே நின்றிருந்த பேக்கரிக்காரர் தும்மினால் அடுப்பில்லாமலே ரொட்டி உப்பும் என்பார்கள். அதனால் அவருக்கு இடி மாமா என்று பெயர். அந்த இடி மாமாவே எம்பிப் பார்த்து, இருமி, விட்டுவிட்டார்.

"இதுக்கு ஏணி போட்டாத்தான் எட்டும்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

முன்வரிசையில் அப்பா வாயைத் திறந்தார். எட்டவில்லை. மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இப்போது ஆலயத்தில் ஒரே ஒரு குரல்தான். அழகான குரல். ஆனால் யாருமே இல்லாத வீட்டில் தனியாகப் பேசுவதுபோல சிட்டுவுக்கு இருந்தது.

முதல் சரணம் முடிந்ததும் அவள் அத்தையின் காதருகே போனாள்.

"அத்தை, சுருதியக் கீழ எறக்குங்க."

"எறக்கினா உன் குரல் எடுபடாதேம்மா!"

"பரவால்ல. எல்லாருக்கும் எட்டணும்."

அத்தை இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம்."

அத்தையின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "உங்கம்மா... இங்கதான் எடுப்பா," என்றார் மெதுவாக.

சிட்டு பாடினாள். அந்த ஆழத்தில் அவள் குரல் கரகரத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. இடி மாமா சேர்ந்துகொண்டார். பின்வரிசை சேர்ந்தது. பிறகு ஆலயம் முழுவதும்!

பாட்டு கடல்போல எழும்பியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மரத்தரை நடுங்குவது உள்ளங்காலில் தெரிந்தது. சிட்டு மூச்சு முட்டப் பாடினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மா இங்கே நின்று இதையா கேட்டுக்கொண்டிருந்தாள்? இவ்வளவு பெரியதையா!

அந்தப் பெருங்குரலுக்குள் ஒரு குரல் தட்டுத்தடுமாறி வந்தது. சிட்டு திரும்பினாள். அப்பா கண்களை மூடிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள்.

பழையபடி அப்பாவுக்கு மட்டும் இன்னும் அரை வரி பாக்கி இருந்தது.